சடசடப்பும் உறுமலும் நீங்க உதவிய நால்வருக்கு நன்றி

அன்புடையீர்,

வணக்கம். ஆறு வாரங்களாக வீட்டு அறையில் பதிவு செய்ய முயன்று நான் தோற்றுக்கொண்டிருந்த பாடல், சென்ற ஞாயிற்றுக்கிழமை ஒரு சிறு சடசடப்புகூட இல்லாமல் பதிவாகி முடிந்தது. அதற்குக் காரணமான நால்வரும் தங்கள் பெயரைக் குறிப்பிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். ஆயினும், ஒருவர் கண்டுபிடித்தது மற்ற மூவருக்கும் தெரியாது என்பதால், நால்வருக்கும் சேர்த்தே இம்மடலை எழுதுகிறேன்.

முதல் வணக்கம் ஓய்வுபெற்ற ஒலிப்பதிவாளர் ஐயாவுக்கு. நான் அவரை அழைத்தபோது, ரெக்கார்டிங் மென்பொருளை இருமுறை அழித்து நிறுவியிருந்தேன். மைக் கேபிளின் மீது பழி போட்டுப் புதிதாக ஒன்றும் வாங்கியிருந்தேன். (பழைய கேபிள் இன்றும் நன்றாகவே உழைக்கிறது.) அவர் தீர்வு எதையும் சொல்லவில்லை. "சத்தம் பதிவுக்குள் இருக்கிறதா, உங்கள் ஸ்பீக்கரில் மட்டும் இருக்கிறதா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். பதிவைக் கோப்பாக மாற்றிக் கைப்பேசியில் ஹெட்போன் மாட்டிக் கேட்டேன். சடசடப்பு இருந்தது, உறுமலைக் காணோம். ஒரே கோளாறு என்று நான் நினைத்துப் போராடியது இரண்டு கோளாறுகள் என்பது அப்போதுதான் விளங்கியது.

சடசடப்பைப் பிடித்தவர், கணினியின் கருவிகளை இயக்கும் டிரைவர் மென்பொருள் எழுதுவதையே தொழிலாகக் கொண்ட என் தோழி. அலைவடிவத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்க்கச் சொன்னார். நெளிந்து நெளிந்து போகும் கோடு ஓரிடத்தில் கத்தரித்ததுபோல் அறுந்து, நேர்குத்தாக இறங்கி, வேறோர் இடத்திலிருந்து மீண்டும் தொடங்கியிருந்தது. மைக்கோ கேபிளோ பழுதானால் இவ்வளவு துல்லியமாக வெட்டாது என்றும், கணினி ஒலித்தரவை உரிய நேரத்தில் வாங்கிக்கொள்ளத் தவறியதன் அடையாளம் இது என்றும் விளக்கினார். லேட்டன்சிமான் என்னும் சிறு செயலியை ஓடவிட்டதும், வை-ஃபை டிரைவர் அவ்வப்போது கணினியின் பிராசசரை நெடுநேரம் பிடித்துவைத்துக்கொள்வது தெரிந்தது. நெடுநேரம் என்றால் சில மில்லிவினாடிகள். ஒலிக்கு அதுவே அதிகம். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம், ஒவ்வொரு மாற்றத்துக்கும் பின் பத்து நிமிடப் பதிவு, விளைவைத் தாளில் குறித்துவைத்தல் என்று அவர் விதித்த ஒழுங்கு முதலில் எனக்கு எரிச்சலாகவே இருந்தது. வை-ஃபையை அணைத்ததும் சடசடப்பு பெரும்பாலும் நின்றது. யுஎஸ்பி ஹப்பை விலக்கி, மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டியான ஆடியோ இன்டர்ஃபேஸை லேப்டாப்பிலேயே நேராகச் செருகியதும் மிச்சமும் போயிற்று.

உறுமலுக்கு வந்தவர் மின்பணி தெரிந்த நண்பர். லேப்டாப்பின் சார்ஜரைப் பிடுங்கினார். உறுமல் அந்த நொடியே நின்றது. மீண்டும் செருகினார், வந்தது. ஸ்பீக்கருக்கும் லேப்டாப்புக்கும் தனித்தனி வழியாக எர்த் போவதால் உண்டாகும் வளையமே இதற்குக் காரணம் என்றார். எர்த் முனையை நீக்கிவிடலாம் என்று யாரோ எனக்குச் சொல்லியிருந்தார்கள். அதைக் கேட்டதும் அவருக்குக் கோபமே வந்துவிட்டது. உயிரைக் காப்பதற்காக வைத்த கம்பியை ஓசைக்காக அறுப்பதா என்று கடிந்துகொண்டு, இன்டர்ஃபேஸுக்கும் ஸ்பீக்கருக்கும் இடையில் வைத்தால், நேரடி மின்தொடர்பைத் துண்டித்து ஒலியை மட்டும் கடத்தும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றைத் தம் பையிலிருந்து எடுத்து மாட்டினார்.

நால்வரில் இளையவரான கல்லூரி மாணவருக்கு நான் இரண்டு நன்றிகள் கடன்பட்டிருக்கிறேன். சடசடப்புக்குப் பயந்து, கணினி ஒலியைக் கையாளுமுன் சேர்த்துவைக்கும் பஃபரை 1024 சாம்பிளாக (சாம்பிள் என்பது ஒலியின் ஒரு நுண்அளவீடு) உயர்த்துவேன். பாடும்போது என் குரலே காதில் பின்தங்கிக் கேட்கும். அதற்காக 64-க்குக் குறைத்தால் சடசடப்பு திரும்பும். இப்படிச் செக்குமாடு போலச் சுற்றிக்கொண்டிருந்த என்னிடம் அவர் கணக்குப் போட்டுக் காட்டினார்: வினாடிக்கு 44,100 சாம்பிள் என்னும் வேகத்தில் 1024 சாம்பிள் என்பது ஏறத்தாழ 23 மில்லிவினாடி, அதுவும் ஒரு வழிக்கு மட்டும். பிறகு, இரண்டு ஆண்டுகளாக நான் தொட்டே பார்க்காத, இன்டர்ஃபேஸின் முகப்பிலேயே இருக்கும் டைரக்ட் மானிட்டர் பொத்தானை அழுத்தினார். குரல் கணினிக்குள் போய்வராமல் நேராகவே காதுக்கு வந்தது. பஃபர் எவ்வளவு இருந்தாலும் பாடுவதற்குத் தடையில்லை என்றாயிற்று. மற்றொன்று, பழைய பதிவொன்று சுருதி முக்கால் கட்டை இறங்கி, இழுத்து இழுத்து ஒலித்த மர்மம். வினாடிக்கு 48,000 சாம்பிள் வேகத்தில் பதிவானதை 44,100 என்று எண்ணி மென்பொருள் வாசித்துக்கொண்டிருந்தது. என் குரல்தான் தளர்ந்துவிட்டதோ என்று ஒரு வாரம் கவலைப்பட்டிருந்தேன் என்பதை அவரிடம் நான் சொல்லவில்லை, இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

மின்பணி நண்பருக்கு ஒரு செய்தி: உங்கள் டிரான்ஸ்ஃபார்மர் இன்னும் என் மேசைக்குப் பின்னால்தான் இருக்கிறது. எனக்கென ஒன்று வாங்கிவிட்டேன். எடுத்துச்செல்ல வரும்போது மற்ற மூவரையும் அழைத்து வாருங்கள். பாடலை முதலில் நீங்கள் நால்வரும்தான் கேட்க வேண்டும்.

நன்றியுடன்,
உங்கள் நண்பன்