பாப்பாவுக்கு, அம்மா எழுதுவது

அன்புள்ள பாப்பா,

இங்கே நானும் அப்பாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் சின்னவனும் நலமாக இருக்க வேண்டும். கையில் போன் இருக்கும்போது அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் நான் ஏதாவது கேட்க வாயெடுத்தால், "அம்மா, அவன் அழறான், அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். கடிதம் என்றால் அவன் தூங்கின பிறகு படிக்கலாம், பாதியில் வைத்துவிட்டு மறுநாள் எடுத்தும் படிக்கலாம்.

வேளைக்குச் சாப்பிடுகிறாயா? பால் கொடுக்கிற உடம்பு. காலையில் ஒரு காபியைக் குடித்துவிட்டு மத்தியானம் வரைக்கும் இருந்துவிடாதே.

புதன்கிழமை பகல் 11 மணிக்கு எங்களுக்கு இடைவேளை. பிள்ளைகள் வெளியே ஓடியதும், நீ ஆபீசில் இருப்பாய், எடுக்க மாட்டாய் என்று நினைத்துக்கொண்டேதான் உன் நம்பரை அழுத்தினேன். உடனே வீடியோவில் வந்தாய். தலை வாரவில்லை. பின்னால் மேஜையில் லேப்டாப் மூடிக் கிடந்தது. அதன் மேல் சின்னவன் துணிகளை மடித்து அடுக்கியிருந்தாய். லீவா என்று கேட்டேன். "ம்" என்றாய். பிள்ளையைக் காட்டச் சொன்னேன், காட்டினாய். மணி அடித்துவிட்டார்கள், நானும் வைத்துவிட்டேன். அன்றைக்கு ஒன்றாம் வகுப்பில் என்ன பாடம் நடத்தினேன் என்று எனக்கே தெரியாது.

உன் மாமியார் ஊருக்குப் போயிருக்கிறார்களாம். அவர்களே போன் பண்ணிச் சொன்னார்கள், மூத்த மகளுக்குப் பிரசவ நேரம் என்று. போகத்தானே வேண்டும், பெற்ற மகள் இல்லையா. அவர்கள் இத்தனை மாதம் வந்து உன்னோடு இருந்ததே பெரிய காரியம், அதை மறந்துவிடாதே. சின்னவனைப் பார்த்துக்கொண்ட அம்மாவும் இப்போது வருவதில்லை என்றார்கள். இந்த இரண்டில் ஒன்றையாவது நீ என்னிடம் சொல்லியிருக்கலாம். சம்பந்தியம்மா சொல்லி நான் தெரிந்துகொள்ள வேண்டியதாகிவிட்டது.

சரி, அதை விடு. ஊரில் மழை இல்லை, வெயில் இப்போதே ஏறிவிட்டது. மீனாட்சிபுரம் முத்துமாரியம்மனுக்குப் பால்குடத் திருவிழா தொடங்கப் போகிறது. பின்கட்டில் ஓடு மாற்றியாகிவிட்டது. அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது.

நீ பிறந்தபோது எனக்குக் கிடைத்த பிரசவ விடுப்பு 90 நாள். அரசாங்கம் அதை ஆறு மாதமாக ஆக்கியது 2011-ல், ஒன்பது மாதமாக்கியது 2016-ல், இப்போது இருக்கிற 12 மாதம் வந்தது 2021-ல். எங்கள் பள்ளிக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்த டீச்சர் பிள்ளைக்கு நடை பழக்கிவிட்டு வேலைக்குத் திரும்பி வந்தாள். அவளைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. நான் திரும்பிப் போனபோது உனக்குக் கழுத்தே சரியாக நிற்கவில்லை.

அப்போது நாம் கோட்டையூரில் குடியிருந்தோம், பள்ளிக்கூடம் பள்ளத்தூர் தாண்டி. உனக்குப் புட்டிப்பால் பிடிக்கவில்லை, துப்பிவிடுவாய். முதல் நாள் பத்து மணிக்கெல்லாம் எனக்கு மார் கட்டிக்கொண்டது. ரவிக்கை நனைந்து, சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கரும்பலகை பக்கம் திரும்பி நின்றபடியே அ, ஆ எழுதினேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து உன்னைத் தூக்கியதும் அழுதுவிட்டேன். அப்பா பார்த்துவிட்டு, "இவ்வளவு கஷ்டப்பட்டு எதுக்கு, விட்டுடேன்" என்றார். பாசத்தில்தான் சொன்னார். அடுப்படியில் இருந்த அப்பத்தா வெளியே வந்து, "அதெல்லாம் விட வேணாம். நாளைக்கு நான் பிள்ளையைத் தூக்கிக்கிட்டு வர்றேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

மறுநாளிலிருந்து 11 மணி டவுன் பஸ்ஸில் அப்பத்தா உன்னைத் தூக்கிக்கொண்டு வந்தார். தோளில் நீ, இடுப்பில் பனையோலைக் கொட்டான், அதற்குள் உன் மாற்றுத் துணியும் எனக்குச் சோறும். கண்டக்டருக்கு அது பழகிவிட்டது. ஸ்டாப் கொஞ்சம் தள்ளி இருந்ததால் பள்ளிக்கூட வாசலிலேயே விசில் அடித்து நிறுத்திவிடுவார். எதிரே ஒரு பெரிய வீடு, செட்டியார் குடும்பம் வெளியூரில், எப்போதும் பூட்டித்தான் கிடக்கும். ஆத்தங்குடிக் கல் பாவிய அதன் திண்ணை எந்த வெயிலிலும் சில்லென்று இருக்கும். அப்பத்தா உன்னை அங்கே போட்டு விசிறிக்கொண்டிருப்பார். வீட்டைக் காவல் பார்த்தவரின் சம்சாரம் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைப்பாள். இடைவேளை மணி அடித்ததும் நான் ஓடுவேன். சத்துணவு அரிசி வைக்கிற அறையைத் தலைமையாசிரியை எனக்குத் திறந்துவிடுவார். மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து உனக்குப் பால் கொடுப்பேன். வகுப்புக்குப் போக நேரமாகிவிட்டால் சத்துணவு ஆயா கரண்டியைப் போட்டுவிட்டு வந்து உன்னை வாங்கிக்கொள்வாள். சாப்பாட்டு மணிக்கு இன்னொரு முறை. அப்புறம் இரண்டு பேரும் பஸ் ஏறுவீர்கள்.

அந்தக் கண்டக்டர் பேர்கூட எனக்குத் தெரியாது. ஆனால் சுவாமி கும்பிடும்போது இவர்கள் எல்லாரும் என் நினைவுக்கு வருவார்கள். நான் வாங்குகிற சம்பளத்தில் இவர்களுக்கெல்லாம் பங்கு உண்டு என்று உளமார நம்புகிறேன். என் பிள்ளையை நான் ஒற்றை ஆளாக வளர்த்தேன் என்று எங்கேயும் சொன்னதில்லை.

அப்பத்தாவுக்கு அப்போது சொந்த வருமானம் இருந்தது, உனக்குத் தெரியும்தானே. நம் பக்கம் கல்யாண வீடுகளில் பலகாரம் சுட அவரைத்தான் கூப்பிடுவார்கள். மனகோலம், அதிரசம், மாவுருண்டை, சீப்புச் சீடை என்று நாள்கணக்கில் அடுப்பு எரியும், அவர் சொல்கிற பதத்துக்குத்தான் பாகு இறங்கும். உனக்காக அதை விட்டார். நான் சம்பளம் வாங்கியதும் ஒரு தொகையை முதலில் அவர் கையில்தான் கொடுப்பேன். வேண்டாம் என்பார். "இது கூலி இல்லை அத்தை, உங்க பங்கு" என்பேன். அதைச் சீட்டுக் கட்டி உனக்குத் தோடு வாங்கினார். அந்தத் தோட்டோடுதான் நீ பள்ளிக்கூடம் போனாய்.

நீ அழகப்பா இன்ஜினியரிங் காலேஜில் சேர்ந்தபோது அவர் பட்ட பெருமை உனக்கு ஞாபகம் இருக்கும். 1952-ல் அழகப்பர் அந்தக் காலேஜைத் தொடங்கிய காலத்துப் பேச்சையெல்லாம் எடுத்து, அந்த மண்ணில் என் பேத்தி படிக்கிறாள் என்று தெருவுக்கே சொன்னார். உனக்கு வேலைக்கு ஆர்டர் வந்த அன்று, முடியாத உடம்போடு எழுந்து உட்கார்ந்து வெள்ளைப் பணியாரம் சுட்டார். ஆழாக்குப் பச்சரிசி, அதன் தலையில் உளுந்தைக் கோபுரமாகக் குவித்து, ஒரு மணி சிந்தாமல் அளந்தார். ஆட்டுவதை மட்டும் என்னிடம் விட்டார். மாவில் துளி பால் விட்டு, கரண்டியில் எடுத்து எண்ணெயில் ஒன்றொன்றாக ஊற்றினார். ஓரம் பூப்போல விரிந்து நடு உப்பி வரவேண்டும், சிவக்கக் கூடாது. சிவந்தவற்றை எனக்குத் தள்ளிவிட்டு வெள்ளையானதை எல்லாம் உன் தட்டில் போட்டார். முதல் சம்பளத்தில் நீ வாங்கிக் கொடுத்த கண்டாங்கியைக் கட்டிக்கொண்டு கொப்புடையம்மன் கோயிலுக்குப் போனவர், பிராகாரத்தில் பார்த்தவர்களிடமெல்லாம் "பேத்தி சம்பளத்துல எடுத்தது" என்றார். உன் வேலை என்றால் எனக்கு இதெல்லாம்தான் கண்முன் வருகிறது. உன் ஆபீசில் என்ன பதவி, எவ்வளவு சம்பளம் என்பதெல்லாம் அப்புறம்தான்.

சாப்பிட்டாயா என்று மறுபடியும் கேட்கிறேன். கேழ்வரகை ஊறவைத்து அரைத்து, துணியில் பிழிந்து, அந்தப் பாலைக் கைவிடாமல் கிண்டிச் சின்னவனுக்கு ஒரு வேளை கொடு. அப்படியே உனக்கும் ஒரு டம்ளர் காய்ச்சிக்கொள். நேரமில்லை என்று சொல்லாதே.

நான் சொன்னேனே, அந்தப் புது டீச்சர், அவள் தன் போனில் ஒன்றை எடுத்துக் காட்டினாள். கம்பெனி வேலைக்குப் போகிற தாய்மாருக்கான பேறுகாலச் சட்டத்தை 2017-ல் திருத்தியிருக்கிறார்கள். உனக்கு 26 வாரம் லீவு கிடைத்ததே, அது அதனால்தான். அதோடு முடியவில்லை. 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற இடம் என்றால் குழந்தைகள் காப்பகம் வைத்தாக வேண்டும், நீ நாளைக்கு நான்கு தடவை போய்ப் பிள்ளையைப் பார்த்துவிட்டு வரலாம். பிள்ளைக்கு 15 மாதம் ஆகிற வரைக்கும் பால் கொடுக்க இரண்டு இடைவேளை தனியாக உண்டு, மற்ற ஓய்வு நேரத்தில் கழிக்கக் கூடாது. லீவு முடிந்த பிறகும், வேலை அதற்குத் தோதானதாக இருந்தால், கம்பெனியோடு பேசி வீட்டிலிருந்து வேலை பார்க்கவும் இடம் இருக்கிறது. சின்னவனுக்கு 15 மாதம் இன்னும் ஆகவில்லையே. நீ இதையெல்லாம் கேட்டாயா? உன் ஆபீசில் கேட்கக் கூச்சமாக இருக்கிறதா? அன்றைக்கு அப்பத்தா பஸ் ஏறி வந்து எனக்குக் கொடுத்த இரண்டு இடைவேளையைத்தான் இன்றைக்குச் சட்டம் உனக்குக் கொடுக்கிறது. கூச்சப்பட என்ன இருக்கிறது? எழுத்தில் கேள். வாயால் கேட்டால் "பார்க்கலாம்" என்று சொல்லிவிடுவார்கள்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் 2023-லிருந்து காலைச் சாப்பாடும் போடுகிறார்கள். உப்புமாவோ பொங்கலோ, சாம்பாரோடு. காரைக்குடிக் கடைகளுக்கு வேலைக்குப் போகிற பெண்கள் பிள்ளையைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் பஸ்ஸுக்கு நடக்கிறார்கள். முன்பெல்லாம் அந்த நேரத்தில் அவர்கள் முகத்தைப் பார்க்க முடியாது. இப்போது ஒருத்தி நின்று என்னிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போகிறாள். ஒரு வேளை அடுப்பை வேறொருவர் பார்த்துக்கொண்டால் ஒரு தாய்க்கு எவ்வளவு மூச்சு வருகிறது என்று தினமும் பார்க்கிறேன். பார்க்கும்போதெல்லாம் உன் நினைப்புத்தான். ஊரார் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டு இங்கே நிற்கிறேன், என் மகள் அங்கே தனியாக ஒரு கையில் பிள்ளையும் இன்னொரு கையில் லேப்டாப்புமாக நிற்கிறாள்.

என்னைக் கூப்பிட உனக்கு என்ன தயக்கம், பாப்பா? அம்மாவுக்குப் பள்ளிக்கூடம், அப்பாவுக்குச் சர்க்கரை என்று நீயே முடிவு கட்டிவிட்டாயா? அப்பா தானே சமைத்துக்கொள்வார், ரசம் வைக்க என்னைவிட நன்றாகத் தெரியும். என் கணக்கில் ஈ.எல்., அதான் ஈட்டிய விடுப்பு, கிடக்கிறது. அதை எடுத்து நான் வேறு என்ன செய்யப் போகிறேன்? பரீட்சை முடிந்ததும் கோடை விடுமுறை வேறு. இரண்டையும் சேர்த்தால் சின்னவன் நன்றாகச் சாப்பிடப் பழகுகிற வரைக்கும் உன்னோடு இருக்கலாம். அதற்குள் நல்ல ஆள் ஒருத்தியைத் தேடிப் பழக்கியும் விடலாம். ஆள் பழக நாள் ஆகும், வந்த வாரமே பிள்ளை ஒட்டவில்லையே என்று நீ கலங்காதே.

நீ கெட்டிக்காரி. யாரிடமும் எதையும் கேட்காமலேயே வளர்ந்தவள், கட்டணம் கட்ட வேண்டிய கடைசித் தேதியைக்கூட நீயே பார்த்துக்கொண்டவள். அதைப் பார்த்து நான் எத்தனையோ முறை பூரித்திருக்கிறேன். பிள்ளை வளர்ப்பில் மட்டும் அந்தக் கெட்டிக்காரத்தனம் செல்லாது. ஆள் வேண்டும். எனக்கு அத்தனை பேர் இருந்தார்கள்.

சரி, நேராகவே கேட்டுவிடுகிறேன், சுற்றிச் சுற்றி எழுதி எனக்கே களைப்பாக இருக்கிறது. வேலையை விடுகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டாயா? கொடுக்கவில்லை என்றால் நான் வருகிற வரைக்கும் பொறு. லீவு போடு, சம்பளம் பிடித்தாலும் பரவாயில்லை, அந்தப் பணத்தை நான் அனுப்புகிறேன். தூக்கமில்லாத மாதத்தில் இந்த முடிவை எடுக்காதே. கொடுத்துவிட்டாய் என்றாலும் சொல். நான் கோபப்பட மாட்டேன், அப்பாவும் ஒன்றும் சொல்ல மாட்டார். கொடுத்திருந்தாலும் அதே பஸ்ஸில் அதே நாளில் நான் வருவேன். நீயாக யோசித்து, மனசாரப் பிள்ளையோடு வீட்டில் இருக்கிறேன் என்று முடிவு செய்தால் அதற்கும் நான் உன் பக்கம்தான். ஆள் இல்லாமல், வழி இல்லாமல் விட்டேன் என்று மட்டும் ஆகிவிடக் கூடாது. நான் உயிரோடு இருக்கும்போது அப்படி ஆகக் கூடாது.

மாப்பிள்ளையிடம் கேட்டுவிட்டுத் தேதி சொல். திருச்சி, சேலம் வழியாகப் போகிற ராத்திரி பஸ்ஸில் அப்பா ஏற்றிவிடுவார். விடியற்காலையில் மாப்பிள்ளை வந்து அழைத்துக்கொண்டால் போதும், நீ பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பனியில் வராதே.

வேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
அம்மா

பி.கு.: அப்பா நாளைக்குப் பார்சல் போடுகிறார். கவுனி அரிசி, தேன்குழல், பருப்புப் பொடி வைத்திருக்கிறேன். வரமிளகாய்த் துவையலுக்கு மிளகாய் தனிப் பொட்டலம், நீ தொட்ட கையோடு சின்னவனைத் தொடாதே. பொடியை ஃபிரிட்ஜில் வைக்க வேண்டாம், வெளியிலேயே இருக்கும்.