ஆய்வகத்துக்கு இன்னும் வராத பரிசோதனை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தலைக்காயத்தை 'மெட்டபாலோமிக்ஸ்' என்ற இரத்தப் பரிசோதனையிலேயே கண்டறிந்துவிடலாம், அதற்கு அமெரிக்காவில் அனுமதியும் கிடைத்துவிட்டது என்று தங்கள் இதழில் வந்த கட்டுரையைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு என் தங்கை வீட்டுக்கு வந்தாள். அவள் மகன் நான்கு மாதங்களுக்கு முன் பைக்கிலிருந்து விழுந்தவன். சி.டி. ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று அன்றே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆனால் இன்றும் வெயிலில் இறங்கினால் தலைவலி. புத்தகத்தை விரித்தால் பத்து நிமிடம் தாங்குவதில்லை. "அண்ணா, இதை எந்த லேபில் எடுக்கலாம்?" என்று கேட்டாள். முப்பது வருடம் மருத்துவமனை உயிர்வேதியியல் ஆய்வகத்தில் வேலை பார்த்த நான், எங்கும் எடுக்க முடியாது என்று சொல்ல வேண்டியதாயிற்று.

கட்டுரையாளர் இரண்டு வேறு சங்கதிகளை ஒன்றாகக் கலந்துவிட்டார். 2018 பிப்ரவரியில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதித்தது, அடிபட்ட மூளைச் செல்களிலிருந்து இரத்தத்தில் கசியும் ஜிஎஃப்ஏபி, யூசிஎச்-எல்1 என்ற இரண்டு புரதங்களை அளக்கும் பரிசோதனை. அடிபட்ட 12 மணி நேரத்துக்குள் இரத்தம் எடுத்து, இவருக்கு சி.டி. ஸ்கேன் தேவையா என்று முடிவு செய்ய உதவுவது. அவ்வளவுதான் அதன் வேலை. மெட்டபாலோமிக்ஸ் வேறு. சர்க்கரை, கொழுப்பு அமிலம், அமினோ அமிலம் என்று உடல் எரித்தும் ஆக்கியும் கழிக்கும் சிறு மூலக்கூறுகளை நூற்றுக்கணக்கில் ஒரே சமயத்தில் அளந்து, அந்தக் கோலம் எப்படிக் கலைந்திருக்கிறது என்று பார்ப்பது. புரதம் உடைந்த பானையின் ஓடு என்றால், இது அடுப்பிலிருந்து வரும் புகை. உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை, உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனில் ஏறக்குறைய 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. அடி விழுந்ததும் அந்த அடுப்பு தடுமாறாமல் இருக்குமா?

இதில் நம்பிக்கை தரும் வேலை நடந்திருப்பது உண்மை. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் ஐஸ் ஹாக்கி ஆடும் பதின்வயதுப் பையன்களை வைத்து 2016இல் ஓர் ஆய்வு வந்தது. மூளை அதிர்ச்சிக்கு ஆளான 12 பேரையும் ஆளாகாத 17 பேரையும் இரத்தத்தைக் கொண்டே 92 சதவீதம் சரியாகப் பிரித்துக் காட்டினார்கள். என் மருமகனைப் போன்றவர்களுக்கு வேண்டியது இதுதான். ஆனால் மொத்தமே 29 பேர்! 2022இல் வந்த ஐரோப்பிய ஆய்வு பெரியது: தலைக்காயம் பட்டவர்கள் 716 பேர், ஒப்பிட 229 பேர். காயம் கடுமையாக ஆக, கோலின் என்ற சத்துப்பொருள் சேர்ந்த சிலவகைக் கொழுப்புகள் இரத்தத்தில் குறைகின்றன என்று கண்டார்கள்.

என்னை யோசிக்க வைத்தது, பின்லாந்தின் தூர்க்கு, இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நோயாளிகளைக் கொண்டு 2016இல் வெளியான இன்னோர் ஆய்வு. காயத்தின் கடுமையோடு சேர்ந்து உயர்ந்தவற்றில் முக்கியமானவை ஆக்டனோயிக், டெக்கனோயிக் என்ற இரண்டு கொழுப்பு அமிலங்கள். இந்த இரண்டும் தேங்காய் எண்ணெயில் இருப்பவை. நான் நாகர்கோவில்காரன். எங்கள் வீட்டில் அவியலுக்கும் அப்பளத்துக்கும் அதே எண்ணெய்தான். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வண்டியெடுத்து விழுந்தவனின் இரத்தத்தில் பின்லாந்துக்காரர்களின் அளவுகோலை வைத்தால் என்ன காட்டும்? போதாக்குறைக்கு, தீவிர சிகிச்சையில் கொடுக்கும் புரோபோஃபால் மயக்க மருந்தும் பால் போன்ற எண்ணெய்க் குழம்பாகத்தான் வருகிறது. காலும் முறிந்திருந்தால், அங்கே காயம்பட்ட தசையிலிருந்து இரத்தத்தில் கலப்பவையும் இந்தக் கணக்கில் சேரும்.

இரத்தம் எடுக்கும் விதத்தைப் பற்றிக் கட்டுரை வாயே திறக்கவில்லை. எடுத்த இரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்காமல் சாதாரணக் குழாயில் மேசைமேல் வைத்தால், செல்கள் உள்ளேயே சர்க்கரையைத் தின்றுகொண்டிருக்கும். சர்க்கரை மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறையும், அது உடைவதில் உண்டாகும் லாக்டேட் ஏறும். சர்க்கரை ஒன்றுக்காவது அதைத் தடுக்க ஃப்ளோரைடு போட்ட குழாய் இருக்கிறது. நூற்றுக்கணக்கான பொருள்களை அளக்க வேண்டுமென்றால் உடனே பிரித்து மைனஸ் 80 டிகிரியில் உறைய வைக்க வேண்டும். இரவு இரண்டு மணிக்கு விபத்துப் பிரிவில் யார் அதைச் செய்வது? அந்த நேரத்தில் மாதிரியை எடுத்துவர ஆள் தேடி நானே நடையாய் நடந்திருக்கிறேன்.

இந்த ஆய்வு இங்கே வேண்டாம் என்பதல்ல என் கருத்து. 2022இல் நாட்டிலேயே அதிகமாக 64,105 சாலை விபத்துகள் பதிவான மாநிலம் நம் தமிழ்நாடு. நம் சாப்பாடு சாப்பிடும், காயமில்லாத நம் ஆட்களின் இயல்பு அளவுகள் என்னவென்று முதலில் குறித்து வைக்க வேண்டும். பெரிய அரசு மருத்துவமனை ஒன்றிரண்டில் உறைகலனும் இரவுப் பணிக்கு ஒரு நுட்பநரும் இருந்தால் அதைத் தொடங்கிவிடலாம்.

தங்கையிடம் நரம்பியல் மருத்துவரை மீண்டும் பார்க்கச் சொல்லி அனுப்பினேன். கத்தரித்த தாளை அவள் என்னிடமே விட்டுவிட்டுப் போனாள். இன்னும் எத்தனை வீடுகளில் அதைக் கத்தரித்து வைத்திருக்கிறார்களோ தெரியாது. தலைக்காயத்துக்கான மெட்டபாலோமிக்ஸ் பரிசோதனை எந்த ஆய்வகத்திலும் இப்போது கிடைக்காது என்று அடுத்த இதழில், கட்டுரை வந்த அதே பக்கத்தில், ஒரு வரி போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்பநர்,
நாகர்கோவில்.