மூத்தவன் கேமரா படிக்கட்டும்

பர்பேங்க், கலிபோர்னியா

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். நீங்களும் மதினியும் பிள்ளைகளும் நலம்தானே? குலசேகரத்தில் மழை விட்டு ரப்பர் பால்வெட்டு தொடங்கியாயிற்றா? இங்கே வெயில்தான், கோடையில் ஒரு தூறலைப் பார்ப்பதே அபூர்வம். இந்த வெயிலை நம்பித்தான் அந்தக் காலத்தில் படக் கம்பெனிகள் கிழக்குக் கரையிலிருந்து இங்கே வந்து சேர்ந்தன. மெக்சிகோக்காரர் கடைகளில் மரச்சீனிக் கிழங்கு கிடைக்கிறது, தோலின் மேல் மெழுகு பூசி அடுக்கியிருப்பார்கள். நம் ஊர்க் கிழங்குபோல மாவாக வேகாது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை மீன்குழம்புக்கு அதுதான் துணை.

கேமரா படிக்க வேண்டும் என்று நிற்கும் உங்கள் மூத்தவனுக்குப் புத்தி சொல்லும்படி போனில் கேட்டீர்கள். "கேமரா பிடித்து எவன் பிழைத்தான்?" என்றீர்கள். அப்போது பதில் வாயில் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

நான் வேலை பார்ப்பது படப்பிடிப்புக்குக் கேமராவும் லென்ஸும் வாடகைக்கு விடும் இடம். திரும்பி வரும் லென்ஸ்களைச் சோதிப்பது என் பொறுப்பு. லென்ஸின் வளையத்தில் ஆறு அடி என்று போட்டிருந்தால் ஆறு அடியில் படம் கூர்மையாக விழ வேண்டும். மயிரிழை தவறினாலும் நடிகையின் கண்ணை விட்டுவிட்டுக் காது தெளிவாகத் தெரியும். இங்கே பெரிய ஆட்கள் பலரும் இப்படிப் பெட்டி சுமந்து, லென்ஸ் துடைத்து மேலே வந்தவர்கள்தான்.

எவன் என்று கேட்டீர்களே, ஜேம்ஸ் வோங் ஹவ் என்று ஓர் ஒளிப்பதிவாளர். 1899-இல் சீனாவில் பிறந்து, சிறு வயதிலேயே அமெரிக்கா வந்தவர். தகப்பனார் கடை வைத்திருந்தார். பையன் குத்துச்சண்டை போட்டான், சாமான் கொண்டுபோய்க் கொடுத்தான், கடைசியில் ஹாலிவுட் ஸ்டுடியோ ஒன்றில் கேமரா அறையைப் பெருக்கும் வேலைக்குச் சேர்ந்தான். அங்கிருந்து கிளாப் பலகை பிடிக்கப் போனான்.

அந்நாளைய பிலிமில் நீல நிறம் வெளிறி விழும். நீலக் கண் நடிகைகளுக்குக் கருவிழியே இல்லாததுபோல் இருக்கும். ஹவ் எடுத்த ஒரு புகைப்படத்தில் மட்டும் நடிகை மேரி மைல்ஸ் மின்டரின் கண்கள் கருமையாக விழுந்தன. காரணம் தேடிப் போனால், அந்த நடிகைக்கு எதிரே கறுப்பு வெல்வெட் இருந்திருக்கிறது. அதுதான் கண்ணில் பிரதிபலித்திருக்கிறது. உடனே வெல்வெட் துணியில் துளை போட்டு, லென்ஸை அதன் வழியே நுழைத்துப் படமெடுத்தார். மின்டர் அவரைத் தன் ஒளிப்பதிவாளராகவே ஆக்கிக்கொண்டார்.

சீனர் என்பதால் 1943 வரை அவரால் குடியுரிமை கேட்கவே முடியவில்லை. வெள்ளைக்காரப் பெண்ணை மணக்கக் கலிபோர்னியச் சட்டம் 1948 வரை இடம் கொடுக்கவில்லை. இத்தனையையும் தாங்கிக்கொண்டு 'தி ரோஸ் டாட்டூ', 'ஹட்' படங்களுக்கு ஆஸ்கர் வாங்கினார். எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் நெஞ்சு நிறைகிறது.

ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைக்கூண்டை மூத்தவன் எடுத்து அனுப்பிய படத்தைப் பார்த்தீர்களா? ஷீட்டுகளுக்கு இடையே வெளிச்சம் சரியாக இறங்கும்வரை காத்திருந்து எடுத்திருக்கிறான். தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, பட்டையில் கத்தி எவ்வளவு போகலாம் என்று இருட்டில் கணிக்கிறீர்களே, அந்தக் கண் அவனுக்கு அப்படியே வாய்த்திருக்கிறது.

வருமானம் நிலையில்லை என்பது உண்மை. 2023-இல் எழுத்தாளர்களும் நடிகர்களும் வேலைநிறுத்தம் செய்தபோது எங்கள் லென்ஸ்கள் அலமாரியிலேயே கிடந்தன. என் சம்பளம் பாதியானது. ஆனால் ரப்பர் விலை சரிந்த வருடங்களில் நீங்கள் கத்தியைக் கீழே வைத்துவிட்டீர்களா?

சென்னை தரமணியில் எம்.ஜி.ஆர். பெயரிலுள்ள அரசுத் திரைப்படப் பயிற்சி நிறுவனத்தில் ஒளிப்பதிவு படிக்கலாம். விண்ணப்பம் வந்ததும் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். கட்டணமும் தங்கும் செலவும் என்னுடையவை. அதுவரை மார்த்தாண்டத்தில் ஏதாவது ஒரு ஸ்டுடியோவில் விளக்குப் பிடிக்க விடுங்கள், சம்பளம் தராவிட்டாலும் சரி. மதினியிடமும் கலந்துவிட்டுப் பதில் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் தம்பி