அறை கிடைத்துவிட்டது, அம்மா

அன்புள்ள அம்மாவுக்கு,

சித்தப்பா மகன் கொண்டுவந்த பொட்டலமும் உன் கடிதமும் கைக்கு வந்து எட்டு நாளாகிறது. "போனில் ரெண்டு நிமிஷம் பேசிட்டு வச்சிடுறா, எங்க படுக்கிறா என்ன திங்கிறான்னு எழுதியாவது போடச் சொல்லு" என்று அப்பத்தா சொன்னதாக எழுதியிருந்தாயே, அதைப் படித்ததும் மனசு கேட்கவில்லை. வீடு கிடைத்ததும் எழுதுவோம் என்று தள்ளித் தள்ளி மூன்று மாதம் போய்விட்டது, தப்பு என்னுடையதுதான்.

இப்போது லண்டனில் ஈஸ்ட் ஹாம் என்ற பகுதியில் ஓர் அறை கிடைத்துவிட்டது. அதுவரை கூடப் படிக்கிற பிள்ளையின் அறையில் தரையில் விரித்துப் படுத்திருந்தேன். பாயில் படுப்பது நமக்குப் பழக்கம்தானே, அதற்காக நீ கண் கலங்காதே.

லண்டனில் வீடு தேடுவது நம் சோழவந்தானில் 'வாடகைக்கு' என்று அட்டை தொங்குகிற வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்கிற மாதிரி இல்லை. எல்லாம் போனில்தான். காலையில் விளம்பரம் வந்த அறைக்கு மத்தியானம் போய் நின்றால் ஆள் வந்துவிட்டது என்பார்கள். வாடகையை வாரக் கணக்கில் சொல்வார்கள். வாரம் 150 பவுண்டு என்றதும் நாலு வாரத்துக்கு 600 என்று நினைத்துக்கொண்டு போனேன். வருஷத்துக்கு 52 வாரம், அதைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 650 என்றார்கள். ஒருவர், இந்த நாட்டில் சம்பளம் வாங்குகிற யாராவது ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும், இல்லையென்றால் ஆறு மாத வாடகையை மொத்தமாக வை என்றார். எனக்கு இங்கே யார் இருக்கிறார்கள் கையெழுத்துப் போட? இன்னொருவர் தான் வெளியூரில் இருப்பதாகவும், முன்பணம் அனுப்பினால் சாவி தபாலில் வரும் என்றும் எழுதினார். அனுப்பத்தான் இருந்தேன், கூடப் படிக்கிற பிள்ளைகள் தடுத்துவிட்டார்கள்.

அத்தை மகன் அடுத்த வருஷம் இங்கே வருகிறான் என்று எழுதியிருந்தாய். கண்ணால் பார்க்காத அறைக்குக் காசு கட்டாதே என்று அவனிடம் சொல். 2019-இல் இங்கிலாந்தில் ஒரு சட்டம் வந்திருக்கிறது, நம்மைப் போன்றவர்கள் எடுக்கிற அறைக்கு ஐந்து வார வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. அறையைப் பிடித்து வைக்க வாங்குவது ஒரு வார வாடகையைத் தாண்டக் கூடாது. சும்மா அறையைக் காட்டுவதற்குக் காசு கேட்டால் கொடுக்கவே வேண்டாம்.

இந்த அறை கிடைத்த அன்று விடியற்காலையில் தெருக் குப்பைத் தொட்டிப் பக்கம் ஒரு நரி நின்று என்னையே பார்த்தது. ஆமாம், நிஜ நரிதான், இந்த ஊரில் தெருவில் திரிகிறது. நரி முகத்தில் முழித்தால் நல்லது என்று அப்பத்தா சொல்லும், அது பலித்துவிட்டது. பக்கத்து வீட்டுத் தாத்தா தினமும் ராத்திரி தோட்டத்தில் ஒரு தட்டில் கோழித் துண்டு வைக்கிறார், பத்து மணிக்கு நரி வந்து தின்றுவிட்டுப் போகிறது. அவர் யாருடனும் பேசி நான் பார்த்ததில்லை, நரியிடம் மட்டும் ஏதோ சொல்லிக்கொண்டிருப்பார். நானும் பத்து மணிக்கு அடுப்படி ஜன்னலுக்கு வந்துவிடுகிறேன்.

அறை நம் சாமி அறையைவிடக் கொஞ்சம் பெரிசு. கட்டில் இடிப்பதால் கதவு பாதிதான் திறக்கும், எனக்குப் போதும். வீட்டுக்கார அம்மா யாழ்ப்பாணம், ரெண்டு தெரு தள்ளி இருக்கிறார். மாலை நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. ஹீட்டர் காலையில் ரெண்டு மணி நேரம், ராத்திரி ரெண்டு மணி நேரம் ஓடும், மற்ற நேரத்துக்குச் சித்தி கொடுத்த சால்வை இருக்கிறது. நீ அனுப்பிய மோர் மிளகாயை வறுத்தேன், புகைக்கு அலாரம் அலறி வீட்டில் இருந்த ஐந்து பேரும் குளிரில் தெருவுக்கு ஓடி வந்தார்கள். இனி பருப்புப் பொடிதான். வயிறு நிறையத்தான் சாப்பிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை மேனர் பார்க் முருகன் கோவிலுக்குப் போய்விட்டு வரும் வழியில் ஒரு கடையில் ஈரத்தாளில் சுற்றி வெற்றிலைக் கட்டு வைத்திருந்தார்கள். ஒன்றை எடுத்து முகர்ந்தேன். அப்பாவோடு கொடிக்காலுக்குள் குனிந்து நடக்கும்போது வருமே, அந்த வாசனை. அங்கேயே நின்று அழுதுவிட்டேன் அம்மா. வெற்றிலையை வாங்கவில்லை, எனக்கு எதற்கு அது.

சரி, மாடி வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். அங்கே ஒத்திக்கு இருக்கிற டீச்சர் காலி செய்யும்போது, அவர் கொடுத்த ஒத்திப் பணத்தில் வெள்ளையடிக்கிற செலவைப் பிடிக்கப் போவதாக அப்பா சொல்கிறாராமே. வேண்டாம். நான் இங்கே கட்டிய 750 பவுண்டு அட்வான்ஸை, அரசு அங்கீகரித்த திட்டத்தில் 30 நாளுக்குள் பதிய வேண்டும் என்பது சட்டம். பதிந்த தாளை வீட்டுக்கார அம்மா கொண்டுவந்து கொடுக்கும்வரை எனக்குச் சரியாகத் தூக்கமில்லை. டீச்சருக்கும் அப்படித்தானே இருக்கும். அவர் கொடுத்த அந்த ரெண்டு லட்சத்தில்தான் என் டிக்கெட்டும் எடுத்தோம் என்பது தெரியும். அதனால் முதலில் அடுத்த ஆளைப் பிடியுங்கள், அவர்கள் கொடுப்பதை அப்படியே டீச்சர் கையில் முழுசாகக் கொடுத்துவிடுங்கள். வெள்ளையடிக்கிற காசை நான் அனுப்புகிறேன். இந்த மாதம் மட்டும் அட்வான்ஸ் கட்டியதால் பணம் கொஞ்சம் தாமதமாகும், வேறொன்றுமில்லை.

வளையலை அடகு வைத்த ரசீது பீரோவில் ரேஷன் கார்டு உறைக்குள் இருக்கிறது. தை பிறப்பதற்குள் வட்டி கட்டித் திருப்பி வைக்க வேண்டும், தம்பியை அனுப்பாதே, நீயே போ. அப்பத்தாவின் கண்ணாடியை மாற்றிவிட்டீர்களா என்று எழுது. இந்தக் கடிதத்தை அதுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டு, அழுத இடத்தை மட்டும் விட்டுவிட்டு.

உன் மகள்