வெளிநாட்டுல கலவரம் வந்தா இங்க வேட்டி லுங்கி விலை ஏறாம இருக்க நூல் கையிருப்பு கேட்டு மனு

பெறுநர்:
செயலாளர் அவர்கள்,
மத்திய ஜவுளித்துறை அமைச்சகம், புது தில்லி

பொருள்: பக்கத்து நாட்டு அரசியல் குழப்பத்தால நூல் விலை ஆடுறப்போ, சாதாரண ஜனங்க கட்டுற வேட்டி, லுங்கி, காட்டன் சேலைக்கு தனியா நூல் கையிருப்பு வைக்கக் கேட்டு.

ஐயா, வணக்கம்.

நாங்க விசைத்தறி ஓட்டுறவங்க, சின்ன அளவுல துணி எடுத்து விக்கிறவங்க, அதை வாங்கிக் கட்டுறவங்க எல்லாம் சேந்து இதை எழுதுறோம். ஆபீஸ் பாஷையில எழுத வரல, பேசுற மாதிரியே எழுதியிருக்கோம், மன்னிச்சு படிங்க.

வங்கதேசத்துல 2024 ஜூலைல இடஒதுக்கீட்டு பிரச்சனையில மாணவர் போராட்டம் வெடிச்சுது, இன்டர்நெட்ட நிறுத்துனாங்க, ஊரடங்கு போட்டாங்க, கார்மெண்ட் ஃபேக்டரிக எல்லாம் மூடிக் கெடந்துச்சு, ஆகஸ்ட் 5 அன்னிக்கு ஷேக் ஹசீனா நாட்டை விட்டே கெளம்பிட்டாங்க. டிவில பாத்தவங்க எல்லாம் இனிமே ஆர்டர் பூரா திருப்பூருக்கு வரும்னு பேசுனாங்க. வந்துருக்கலாம், சந்தோஷம். ஆனா அது டி-சர்ட், பனியன் கணக்கு. வேட்டி, லுங்கி நெய்யறவனுக்கு என்ன ஆச்சுன்னு அந்த விவாதத்துல யாரும் கேக்கல.

எங்களுக்கு எப்படி அடிக்குதுன்னு கொஞ்சம் விளக்கமா சொல்லணும். வங்கதேசம் உலகத்துலயே ரெண்டாவது பெரிய ரெடிமேட் ஏற்றுமதி நாடு, ஆனா அங்க வெளையற பஞ்சு அவங்களுக்கு காணவே காணாது. அதனால நம்ம மில்லுக ஏத்துமதி பண்ற காட்டன் நூலுக்கு பெரிய கிராக்கி அவங்கதான். அங்க ஃபேக்டரி மூடுனா இங்க மில்லுல நூல் தேங்கி விலை எறங்குது, மில்லுக்காரர் ஷிப்டை குறைக்கிறாரு. அப்பறம் அங்க நெலமை சரியாகி ஒரேடியா ஆர்டர் போட்டாங்கன்னா குறைச்ச உற்பத்தி உடனே ஏறாது, இருக்குற நூல் எக்ஸ்போர்ட் பக்கம் போயிரும், உள்ளூர்ல கோன் நூல் (விசைத்தறிக்குன்னு கூம்பு மாதிரி சுத்தி வர்ற நூல்) விலை எகிறும். விலை எறங்குனப்போ வாங்கி வச்சுக்கலாமேன்னு கேப்பீங்க. கூலிக்கு நெய்யறவன் கையில ஏதுங்க முதலு? மாஸ்டர் வீவர், அதாவது நூலைக் குடுத்து கூலிக்கு நெய்ய வைக்கிற முதலாளி, பாவும் ஊடையும் (நெடுக்கு நூலும் குறுக்கு நூலும்) குடுத்தாதான் தறி ஓடும், அவரு நூல் விலை நிக்கட்டும்னு பத்து நாள் பாவு குடுக்காம இருந்தா அந்த பத்து நாளும் எங்களுக்கு கூலி இல்ல. ஆக விலை ஏறுனாலும் அடி, எறங்குனாலும் அடி.

இதுக்கு மேல ரெண்டு நாட்டு அரசாங்கமும் மாத்தி மாத்தி கதவை சாத்துனீங்க. 2025 ஏப்ரல்ல பெனாபோல் மாதிரி தரைவழி எல்லையில நம்ம நூல் வரக்கூடாதுன்னு அவங்க நிறுத்துனாங்க, கடல்வழியா மட்டும் வரட்டும்னாங்க. மே 17 அன்னிக்கு அவங்க ரெடிமேட் துணி மும்பை பக்கம் இருக்குற நவா ஷேவா, கொல்கத்தா துறைமுகம் வழியா மட்டும்தான் வரலாம்னு நம்ம பக்கம் உத்தரவு போட்டீங்க, அதுவும் அன்னைக்கே அமல். நாட்டுப் பாதுகாப்பு, ராஜதந்திரம்னு ஆயிரம் காரணம் இருக்கும், அதுல நாங்க தலையிடல. வரி இல்லாம வந்து எறங்குற வங்கதேசத் துணியால நம்ம தொழில் கெடுதுன்னு எங்கள்லயே பாதிப் பேர் சொல்றவங்கதான், அதுலயும் நியாயம் இருக்கு. ஆனா குறைஞ்ச விலை குர்தா, சுடிதாரை திடீர்னு சுத்துவழியில கொண்டுவந்தா கூடுற வாடகை கடைசில வாங்குறவங்க தலையிலதான் விழும். ஏற்கனவே லாரில ஏத்துன சரக்குக்காவது கொஞ்ச நாள் அவகாசம் குடுத்துருக்கலாம்னு தோணுது.

சேலை பக்கம் வந்தா இன்னொரு கதை. ஏழைபாழைங்க தினம் கட்டுற சேலையில நிறைய இப்ப பாலியஸ்டர்தான், அதுக்கு மூலப்பொருளே கச்சா எண்ணெய்ல இருந்து வருது. 2022 பிப்ரவரி 24 ரஷ்யா உக்ரைனுக்குள்ள போனப்போ கச்சா எண்ணெய் நூறு டாலரைத் தாண்டுச்சு. 2023 நவம்பர்ல இருந்து செங்கடல்ல ஏமன் நாட்டு ஹவுதி ஆயுதக் குழுக்காரங்க கப்பலை அடிக்க ஆரம்பிச்சதும் கப்பல்லாம் ஆப்பிரிக்காவை சுத்திப் போச்சு. எங்கயோ குண்டு விழுந்தா நம்ம ஊர் பாட்டி கட்டுற சேலைக்கு விலை கூடுது, நம்ப முடியாது ஆனா நெசம்.

2022ல நடந்ததை நீங்களும் மறந்துருக்க மாட்டீங்க. அந்த மே மாசம் பஞ்சு ஒரு கேண்டி, அதாவது 356 கிலோ, ஒரு லட்சம் ரூவாயைத் தாண்டுச்சு, ஒரு வருஷம் முன்னாடி அதுல பாதிக்குப் பக்கமாத்தான் இருந்துச்சு. போரு மட்டும் காரணம் இல்ல, வெளைச்சல் கொறைவு, பதுக்கல் எல்லாம் சேந்துச்சு. மே 16, 17 ரெண்டு நாள் திருப்பூரே கடையடைச்சுப் போராடுச்சு. நீங்க ஏப்ரல் 14 அன்னிக்கே பஞ்சு இறக்குமதி வரியை எடுத்துட்டீங்க, நல்ல முடிவுதான், ஆனா வெளிநாட்டுப் பஞ்சு கப்பல்ல வந்து மில்லுல நூலாகி தறிக்கு வர எத்தனை மாசம் ஆகும்? வரியை எடுத்த அடுத்த மாசம்தான் விலை உச்சத்துக்கே போச்சு. 2025 ஆகஸ்ட்ல அமெரிக்கா நம்ம சரக்கு மேல வரி போட்டப்பவும் அதே வைத்தியம்தான், டிசம்பர் 31 வரைக்கும் பஞ்சுக்கு இறக்குமதி வரி இல்லைன்னீங்க. அது எக்ஸ்போர்ட்டருக்கு ஆகும். உடனே நூல் வேணுங்கிற எங்களுக்கு ஆகாது.

கைத்தறிக்காவது ஏதோ பாதுகாப்பு இருக்கு. மில்லுக உள்ளூருக்கு விக்கிற நூல்ல 30 சதவீதம் சிட்டா நூலா (கைத்தறிக்குன்னு கோன்ல சுத்தாம சிட்டம் சிட்டமா கட்டுற நூல்) போட்டாகணும்னு சட்டம் இருக்கு, மூலப்பொருள் திட்டத்துல நூலுக்கு 15 சதவீதம் மானியம் இருக்கு. அது கைத்தறிக்காரங்களுக்கு முழுசாப் போய்ச் சேருதான்னு கேட்டா அது தனி மனு எழுதுற அளவுக்கு இருக்கு. ஆனா சாதாரண ஜனங்க கட்டுற வேட்டி லுங்கியில பெரும்பங்கு விசைத்தறில கோன் நூல்ல ஓடுறது, அதுக்கு இந்த ரெண்டுமே கெடையாது. கைத்தறிக்கு இருக்குறதைப் புடுங்கி எங்களுக்குக் குடுங்கன்னு கேக்கல, அப்படி யாராச்சும் புரிஞ்சுக்கக் கூடாது.

நாங்க கேக்குறது முக்கியமா ஒண்ணுதான். இந்தியப் பருத்திக் கழகம் விவசாயிகிட்ட ஆதார விலைக்கு பஞ்சு வாங்கி பேலா (கட்டுன பொதியா) வச்சிருக்கு, ஏலத்துல விக்குது. அதுல ஒரு பங்கை வருஷா வருஷம் ஒதுக்கி வச்சு, கூட்டுறவு நூற்பாலைகள்ல 40ஸ், 60ஸ் மாதிரி வேட்டி லுங்கிக்கு ஓடுற நம்பர்ல (நூல் எவ்வளவு மெலிசுன்னு சொல்ற நம்பர்) நூலாக்கி கையிருப்பா வைங்க. நூல் விலை ஒரு அளவுக்கு மேல ஏறுச்சுன்னா, ஏறுறதுக்கு முந்துன மாச விலைக்கே சின்ன சின்ன லாட்டா தறிக்காரங்களுக்கும் சங்கங்களுக்கும் நேரா குடுங்க. பெரிய வியாபாரி மொத்தமா அள்ளிட்டுப் போற மாதிரி வச்சீங்கன்னா பிரயோஜனம் இல்ல. அந்த அளவு என்னன்னு முன்கூட்டியே அறிவிச்சுருங்க, ஒவ்வொரு தடவையும் நாங்க டெல்லிக்கு மனு போட்டு, நீங்க கமிட்டி போட்டு, அதுக்குள்ள சீசனே முடிஞ்சுருது. பொங்கலுக்கு தமிழ்நாட்டு அரசு குடுக்குற இலவச வேட்டி சேலைக்கும் இதே மாதிரி தறிக ஓடுது, அங்கயும் நூல் தாமதமானா எல்லாமே தாமதம்.

அதோட எல்லை, துறைமுகம் பத்தி உத்தரவு போடுறப்போ வழியில இருக்குற சரக்குக்கு கொஞ்ச நாள் விட்டுக்குடுத்து போடச் சொல்லி வர்த்தக அமைச்சகத்துக்கு உங்க தரப்புல இருந்து எழுதுங்க, நாங்க நேரா சொன்னா கேக்க மாட்டாங்க.

அடுத்த பஞ்சு சீசன் அக்டோபர்ல ஆரம்பிக்குது, கொள்முதல் தொடங்குறதுக்கு முன்னாடியே ஒதுக்கீட்டை முடிவு பண்ணி எங்களுக்கு எழுத்துல பதில் தரணும்னு கேட்டுக்கறோம்.

இப்படிக்கு,
விசைத்தறி நெசவாளர்கள், சிறு துணி வியாபாரிகள், பொதுமக்கள்