"அப்ப எதைத்தான் நம்பறது?": பெங்களூர் தமிழ் மன்றங்களுக்கு ஒரு திறந்த மடல்

பெங்களூரில் தமிழ் மன்றங்கள் நடத்தி வரும் அன்பர்களுக்கு,

வணக்கம். அல்சூர், மர்பி டவுன், ஸ்ரீராம்புரம் என்று நம்மவர்கள் வாழும் பகுதிகளில் பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் நின்றுபோகாமல் நடப்பது உங்கள் உழைப்பால்தான். அந்த நன்றியோடு ஒன்று கேட்கிறேன். மாதத்தில் ஒரு மாலையை மெய்யியலுக்கு, அதாவது தத்துவத்துக்கு, ஒதுக்குங்கள்.

சென்ற ஆண்டு ஒரு விழாவில் பேச்சாளர் 'எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும்' குறளைச் சொல்லி, வாட்ஸ்அப்பில் வருவதை நம்பாதீர்கள் என்றார். கார்மெண்ட்ஸ் வேலைக்குப் போகும் ஒரு அம்மா எழுந்து, "சரிங்க சார், அப்ப எதைத்தான் நம்பறது? நீங்க சொல்றதையும் காதால கேட்டுத்தானே நம்பறேன்?" என்றார். கூட்டம் சிரித்தது. பேச்சாளர் அடுத்த குறளுக்குப் போய்விட்டார். அந்த அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எனக்கு மனசே ஆறவில்லை.

ஏனென்றால் மெய்யியலின் மிகப் பழைய கேள்விகளில் ஒன்று அது. மெய்ப்பொருள் காணச் சொல்கிறார் வள்ளுவர், எப்படிக் காண்பது? மணிமேகலைக் காப்பியத்தின் 27ஆம் காதையில் இந்த வாதம் வருகிறது. வஞ்சி மாநகரில் ஒவ்வொரு சமயத்தாரிடமும் போய் உங்கள் கொள்கை என்ன என்று கேட்கிறாள் மணிமேகலை. கண்ணால் காண்பதைத் தவிர வேறெதையும் ஏற்கமாட்டேன் என்கிறான் பூதவாதி, அதாவது எல்லாமே பூதங்களின் சேர்க்கை என்னும் கொள்கைக்காரன். அவள் சிரித்துவிட்டு, உன் தாய் தந்தையை அனுமானத்தால், அதாவது கண்டதை வைத்துக் காணாததை ஊகித்து, அல்லாமல் வேறு எப்படி அறிவாய் என்று கேட்கிறாள். பிறந்த கணத்தை யார் பார்த்து நினைவு வைத்திருக்கிறார்கள்?

அனுமானத்தை மட்டும் முழுதாக நம்ப முடியுமா? 18ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்துத் தத்துவ அறிஞர் டேவிட் ஹியூம் அங்கேதான் கை வைத்தார். இதுவரை நடந்தது இனியும் நடக்கும் என்பதற்கு என்ன ஆதாரம்? 'எப்போதும் அப்படித்தானே நடந்திருக்கிறது' என்றால், நிரூபிக்க வேண்டியதையே ஆதாரமாகக் காட்டுகிறோம். 2024 கோடையில் இந்த ஊரில் போர்வெல்கள் வற்றியபோது நமக்கு இது பாடமாகவே நடந்தது. நேற்று வரை வந்த தண்ணீர் இன்றும் வரும் என்றுதானே குடத்தை வைத்தோம்? பழக்கம்தான் நம்மை நம்ப வைக்கிறது என்றார் ஹியூம். எனக்கும் அதுவே சரியென்று படுகிறது.

கண்ணால் காண்பது, அனுமானம் இரண்டுக்கும் அடுத்து, அறிவதற்கு மூன்றாவது வழி அடுத்தவர் சொல். அதை நம்பாமல் ஒருநாள் கூட ஓடாது. மாத்திரை, பஸ் நம்பர், நம் பிறந்த தேதி எல்லாமே பிறர் சொன்னவை. அதனால் 'நம்பாதே' என்பது பதிலே ஆகாது. சொல்பவர் நேரில் அறிந்தவரா, அதில் அவருக்கு ஆதாயம் உண்டா, பலர் சொன்னால் தனித்தனியே அறிந்து சொல்கிறார்களா அல்லது ஒரே செய்தியை ஃபார்வர்டு செய்கிறார்களா: இப்படித்தான் எடை போட முடியும். இதைச் சொல்ல அன்று ஐந்து நிமிடம் போதுமாயிருந்தது.

தமிழ் பேசத் தெரிந்து எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளைகள் இங்கே ஏராளம். வாய்ப்பேச்சாக நடத்தினால் அவர்களும் வருவார்கள். கார்மெண்ட்ஸ்காரர்களுக்கு விடுமுறை ஞாயிறுதான். அன்று மாலையே வையுங்கள். பொன்னாடையும் வரவேற்புரையும் வேண்டாம். பேச்சு இருபது நிமிடம், மீதியெல்லாம் கேள்விக்கு. யார் கேட்டாலும் பதில் சொல்லாமல் அடுத்ததற்குப் போகக் கூடாது. பேச ஆள் கிடைக்காவிட்டால் நானே வருகிறேன். பஸ் செலவு கூட வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் கூட்டங்களுக்குத் தவறாமல் வரும் ஒருவன்