முன்பக்கத்திற்கு ஃபிலிம், மற்ற இடங்களுக்குக் கைப்பழக்கம்

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய கொட்டேஷனை நிதானமாகப் படித்துப் பார்த்தேன். கார் கைக்கு வருவதற்கு முன்பே அதன் பெயின்டைப் பாதுகாப்பதைப் பற்றி நீ யோசிப்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது. வரிசையாக எரியும் ட்யூப் லைட்டுகளின் கீழே, பெயின்ட் முடிந்து வந்து நிற்கும் கார் பாடியில் தூசு, ஒழுகல், குமிழி ஏதேனும் இருக்கிறதா என்று பார்ப்பதையே வேலையாகச் செய்தவள் நான். ஆகையால் உன் பணம் எதற்குப் போகலாம், எதற்குப் போகத் தேவையில்லை என்பதைப் போனில் அவசரமாகச் சொல்லாமல் விளக்கமாகவே எழுதுகிறேன்.

செராமிக் கோட்டிங் போட்டால் கல் தெறித்தாலும் பெயின்ட் பெயராது என்று விற்பனையாளர் சொன்னதாக எழுதியிருக்கிறாய். அதை நம்பி முடிவெடுக்காதே. செராமிக் கோட்டிங் என்பது பெரும்பாலும் சிலிக்காவை அடிப்படையாகக் கொண்ட திரவம். தடவிக் காய்ந்த பிறகு அதன் கனம் ஓரிரு மைக்ரான் அளவுதான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்). தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடும், அழுக்கு இறுகப் பிடிக்காது, கழுவுவது எளிதாகும், பளபளப்பும் கூடும் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் வேகமாக வரும் கல்லின் அடியைத் தாங்கும் அளவுக்கு அதில் கனமே கிடையாது. அதையும் பெயின்டின்மேல் ஒட்டுகிற பிளாஸ்டிக் ஃபிலிமையும் ஒன்றாக வைத்துப் பேசுவது, உடம்பில் எண்ணெய் தடவிக்கொள்வதும் சட்டை போட்டுக்கொள்வதும் ஒன்றே என்று சொல்வது போலாகும். விளம்பரத்தில் பெரிதாகப் போட்டிருக்கும் 9எச் என்பதைப் பார்த்தும் மயங்காதே. குறிப்பிட்ட கடினமுள்ள பென்சில் முனையால் கீறினால் மேற்பரப்பு தாங்குகிறதா என்று பார்க்கும் சோதனையின் அளவு அது. கல்லடிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

காரின் பெயின்ட் எவ்வளவு மெல்லியது என்பது பலருக்குத் தெரிவதில்லை. வெறும் பாடியை முதலில் ஒரு தொட்டியில் முழுவதுமாக முக்கி, மின்சாரம் பாய்ச்சி, துருவைத் தடுக்கும் முதல் பூச்சை ஏற்றுகிறார்கள். அதன்மேல் பிரைமர், அதன்மேல் நிறத்தைத் தரும் பேஸ் கோட், எல்லாவற்றுக்கும் மேலே நிறமே இல்லாத கிளியர் கோட் என்று அடுக்கடுக்காக வருகிறது. இத்தனையும் சேர்ந்து பெரும்பாலான கார்களில் 100 முதல் 150 மைக்ரானுக்குள், அதாவது 0.10 முதல் 0.15 மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. அதில் கிளியர் கோட்டின் பங்கு 35 முதல் 50 மைக்ரான். வெயிலின் புற ஊதாக் கதிர்களிலிருந்து நிறத்தைக் காப்பதும், நீ பார்க்கிற பளபளப்பைக் கொடுப்பதும் அந்த மேல் அடுக்குதான்.

கல்லடி பட்ட இடத்தை ஒரு பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் இந்த அடுக்குகள் எல்லாம் தெளிவாகத் தெரியும். ஓரத்தில் கிளியர் கோட் நொறுங்கி வெள்ளையாகப் பூத்திருக்கும். அதற்கு உள்ளே நிறத்தின் மெல்லிய வளையம், அதற்கும் உள்ளே பிரைமரின் சாம்பல் வளையம், அடி பலமாக விழுந்திருந்தால் நடுவில் ஒரு புள்ளியாகத் தகடே மின்னும். அந்தப் புள்ளிதான் எனக்குக் கவலை. பம்பர் பிளாஸ்டிக் என்பதால் அதில் பெயின்ட் பெயர்ந்தாலும் துருப் பிடிக்காது. ஆனால் பானெட் இரும்புத் தகடாக இருந்தால் ஈரமும் காற்றும் அந்தப் புள்ளி வழியாக உள்ளே புகுந்து, சுற்றியுள்ள பெயின்டின் அடியில் துரு பரவத் தொடங்கும். தகட்டின்மேல் துத்தநாகப் பூச்சு இருந்தால் அது கொஞ்ச காலம் தாங்கும், அவ்வளவே.

வேகம் இரண்டு மடங்கானால் கல் மோதும் ஆற்றல் நான்கு மடங்காகும் என்பதை நீ பள்ளியிலேயே படித்திருக்கிறாய். ஆகவே ஊருக்குள் மட்டும் ஓடும் காரைவிட நெடுஞ்சாலையில் ஓடும் காருக்குத்தான் அடி அதிகம், நீ தினமும் நெடுஞ்சாலையில்தான் போகப்போகிறாய். முன் பம்பர், பானெட்டின் முன்விளிம்பு, முன்கண்ணாடிக்கு இரு பக்கமும் உள்ள தூண்கள், பக்கக் கண்ணாடிகளின் முதுகு ஆகியவை நேராக அடி வாங்கும் இடங்கள். முன் சக்கரங்கள் வாரி எறியும் கற்கள் கதவுகளின் அடிப்பகுதியிலும், பின் சக்கர வளைவுக்கு முன்னால் உள்ள இடத்திலும் போய் விழுகின்றன. இதற்கு மிக எளிய, செலவு குறைந்த காப்பு, சக்கரத்துக்குப் பின்னால் தொங்கும் மட் ஃபிளாப். அதை முதல் நாளே போட்டுவிடு. ஜல்லி, மணல் ஏற்றிய லாரிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போகாதே. பின்தங்கி விலகிப் போ, இல்லையென்றால் பாதுகாப்பாக முந்திப் போய்விடு. புதிதாகச் சிறு கல் பரப்பிய சாலையில் வேகத்தைக் குறைத்தால் உன் காருக்கும் நல்லது, எதிரே வருபவருக்கும் நல்லது.

கல்லடிக்கு உண்மையான காப்பு, பி.பி.எஃப் என்று சொல்லப்படும் ஒளி ஊடுருவும் பாலியூரித்தேன் ஃபிலிம்தான். இதன் கனம் வழக்கமாக 150 முதல் 200 மைக்ரான். உன் காரின் பெயின்ட் அடுக்குகள் அனைத்தையும் சேர்த்தாலும் அந்தக் கனம் வராது. ரப்பரைப் போல் அமுங்கி மீள்கிற பொருள் என்பதால், கல்லின் அடியைத் தானே வாங்கிக்கொண்டு பெயின்டுக்குப் போகாமல் தடுக்கிறது. நல்ல ஃபிலிமின் மேல்பூச்சில் விழும் மெல்லிய கீறல்கள் வெயிலிலோ வெந்நீரிலோ தாமாகவே மறைந்துவிடும். ஆனால் ஃபிலிமை அறுத்துக்கொண்டு போன வெட்டு அப்படி மறையாது. விற்பவர்கள் இந்த இரண்டாவது பாதியைச் சொல்வதில்லை.

கார் முழுவதற்கும் ஃபிலிம் ஒட்ட வேண்டும் என்று அவர்கள் வற்புறுத்துவார்கள். கூரையிலும் டிக்கி மூடியிலும் கல் வந்து விழுவது அரிது. முன் பம்பர், முழு பானெட், முன் சக்கரங்களுக்கு மேலுள்ள பக்கத் தகடுகள், கண்ணாடி முதுகுகள், முன் தூண்கள், பின் சக்கர வளைவுக்கு முன்னுள்ள பகுதி ஆகியவற்றுக்கு ஒட்டினால் போதும் என்பது என் முடிவு. பானெட்டில் பாதிக்கு மட்டும் ஒட்டலாம் என்றால் ஒப்புக்கொள்ளாதே. ஃபிலிம் முடியும் கோட்டில் அழுக்கு சேர்ந்து நாளடைவில் குறுக்கே ஒரு வரி போலத் தெரியும். கதவுக் கைப்பிடியின் உட்குழியில் நகமும் மோதிரமும் படும். டிக்கியைத் திறந்து சாமான் ஏற்றும்போது பின் பம்பரின் மேல்பகுதியில் பெட்டிகள் உராயும். கதவின் விளிம்பு சுவரில் இடிக்கும். அந்த மூன்று இடங்களுக்கும் சிறு துண்டுகள் போடச் சொல்.

ஒட்டுபவரிடம் சில கேள்விகளைத் தயங்காமல் கேள். ஃபிலிம் டி.பி.யூ என்னும் பாலியூரித்தேன் வகையா, பி.வி.சி வகையா என்பது முதல் கேள்வி, பி.வி.சி சீக்கிரம் மஞ்சளிக்கும், விறைத்துப்போகும், கீறலும் மறையாது. கணினியில் உன் காரின் அளவுக்கு முன்கூட்டியே வெட்டி வைக்கிறார்களா, அல்லது காரின்மேல் விரித்து வைத்துக் கத்தியால் அறுக்கிறார்களா என்று கேள். கை தேர்ந்தவர் காரின்மேலும் பாதுகாப்பாக அறுப்பார். ஆனால் அழுத்தம் சற்றுக் கூடினாலும் கத்தி பெயின்டிலும் கோடு போட்டுவிடும், அந்தக் கோடு ஃபிலிமை உரிக்கும் நாளில்தான் வெளியே வரும். முடிந்த இடங்களில் எல்லாம் ஓரத்தை உள்பக்கமாக மடித்து ஒட்டச் சொல். ஓரம் மேலே நின்றால் அங்கிருந்துதான் கிளம்பும். ஒட்டுவதற்கு முன் பெயின்டில் உள்ள கீறல்களை நீக்கிச் சுத்தம் செய்ய வேண்டும், ஏனென்றால் ஃபிலிமுக்கு அடியில் போன கீறலும் தூசும் அங்கேயே தங்கிவிடும். தொழிற்சாலையில் பெயின்டை 140 டிகிரி செல்சியஸ் அளவில் சூளையில் சுட்டுத்தான் அனுப்புகிறார்கள், எனவே புது காருக்கு உடனே ஒட்டலாம். ஏதாவது ஒரு பகுதியை வெளியே திரும்பப் பெயின்ட் அடித்திருந்தால் மட்டும், கரைப்பான் முழுவதும் வெளியேறுவதற்குச் சில வாரங்கள் பொறுக்க வேண்டும். இவ்வளவுக்கும் பிறகு செராமிக் போட விருப்பமிருந்தால் ஃபிலிமின் மேலும் மற்ற பகுதிகளிலும் போட்டுக்கொள், நான் தடுக்கவில்லை. கழுவும் வேலை அதனால் குறையும்.

காரை ஒப்படைக்கும் நாளுக்கு முன்பே ஷோரூமில் ஒரு வார்த்தை சொல்லி வை: காரைக் கழுவவோ பாலிஷ் போடவோ வேண்டாம், ஒட்டி வந்த காப்புத் தாள்களை நீயே உரித்துக்கொள்வாய் என்று எழுத்திலேயே கொடு. புது காரில் முதல் கீறல்கள் பெரும்பாலும் சாலையில் விழுவதில்லை. அவசரமாக உலர்ந்த துணியால் தூசியைத் துடைத்து மினுக்கும்போதுதான் விழுகின்றன. காரை எடுக்கும்போது போனின் விளக்கை பானெட்டுக்குச் சாய்வாகப் பிடித்துப் பார். விளக்கின் பிம்பத்தைச் சுற்றிச் சிலந்தி வலை மாதிரி மெல்லிய வட்டக் கோடுகள் தெரிந்தால், யாரோ தேய்த்திருக்கிறார்கள் என்று பொருள்.

இப்போது கழுவும் முறை. இதை நீ அலட்சியமாக எடுத்துக்கொள்வாயோ என்று எனக்குப் பயம், ஏனென்றால் கற்கள் செய்யும் சேதத்தைவிட, பல ஆண்டுகளில் கழுவும் கைகள் செய்யும் சேதமே அதிகப் பரப்பில் விழுகிறது. தூசி படிந்த காரை உலர்ந்த துணியாலோ தூசி தட்டும் தூரிகையாலோ ஒருபோதும் துடைக்காதே. அந்தத் தூசியில் மணல் இருக்கிறது, மணல் கிளியர் கோட்டைவிடக் கடினமானது. நிழலில் நிறுத்தி, பானெட்டின் சூடு ஆறிய பிறகு, நிறையத் தண்ணீர் விட்டு மண்ணை முதலில் ஓட விடு. அதற்குப் பிறகுதான் துணி பட வேண்டும். இரண்டு வாளி வைத்துக்கொள். ஒன்றில் கார் ஷாம்பு கலந்த தண்ணீர், மற்றொன்றில் வெறும் தண்ணீர். ஒவ்வொரு பகுதியைத் தேய்த்த பிறகும் மைக்ரோஃபைபர் கையுறையை வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் ஷாம்பு வாளியில் முக்க வேண்டும். கூரையிலிருந்து கீழ்நோக்கி வா, கதவுகளின் அடிப்பகுதியைக் கடைசியாக வைத்துக்கொள், வட்டமாகத் தேய்க்காமல் நேராக இழு. சக்கரங்களுக்குத் தனித் துணி. பிரேக்கிலிருந்து வரும் இரும்புத் துகள் அதில் இருக்கும். பாத்திரம் கழுவும் சோப்பு, போட்டிருக்கும் மெழுகையும் எடுத்துவிடும், அதனால் அது வேண்டாம். தண்ணீர் தானாகக் காயட்டும் என்று விட்டாலும் உப்புக்கறை வட்டம் வட்டமாகப் பதியும், ஆகவே தடிமனான மைக்ரோஃபைபர் துண்டை மேலே விரித்து, அழுத்தாமல் ஒற்றி எடு. தரையில் விழுந்த துணியைத் திரும்பக் காரில் வைக்காதே. பிரஷ் சுழன்று கழுவும் இயந்திரங்களுக்குள் இந்தக் காரைக் கொண்டுபோகவே வேண்டாம்.

பறவை எச்சம் விழுந்தால் வார இறுதிவரை காத்திராதே. அதில் யூரிக் அமிலம் இருக்கிறது. வெயிலில் கிளியர் கோட் சூடாகி இளகும்போது எச்சம் அதைக் கவ்விக்கொண்டு காய்ந்து சுருங்குகிறது, அந்த வடிவமே தழும்பாகப் பதிந்துவிடுகிறது. சுரண்டவும் கூடாது. ஈரத்துணியைச் சில நிமிடங்கள் அதன்மேல் போட்டு ஊற வைத்து, தளர்ந்த பிறகு தூக்கி எடு. மோதிச் செத்த பூச்சிகளுக்கும் மரப் பிசினுக்கும் இதே பொறுமை வேண்டும். கார் கவரைப் பொறுத்தவரை, கழுவிய காரின்மேல் மட்டும் போடு. தூசியோடு இருக்கும் காரில் கவர் காற்றுக்கு ஆடினால் உப்புத்தாள் தேய்ப்பதுதான் நடக்கும்.

அடிக்கடி பாலிஷ் போட்டுக் கொடுக்கிறோம் என்று சர்வீஸில் கேட்பார்கள். கம்பவுண்ட் என்னும் பாலிஷ் பசை போட்டுத் தேய்ப்பது கீறலை நிரப்புவதில்லை, கீறலின் ஆழம் வரை கிளியர் கோட்டைச் சீவி எடுக்கிறது. இருப்பதே 50 மைக்ரானுக்குள் என்பதை நினைவில் வைத்து, உண்மையான தேவை வரும்போது மட்டும், பெயின்டின் கனத்தை மீட்டர் வைத்து அளந்த பிறகு செய்யச் சொல்.

இத்தனைக்குப் பிறகும் எங்காவது பெயின்ட் பெயரும். பெயின்ட் வாரண்டியில் கல்லடி பொதுவாகச் சேராது என்பதால் நீயே பார்த்துக்கொள்வது நல்லது. கதவுத் தூணிலோ பானெட்டுக்கு அடியிலோ உள்ள பட்டையில் நிறத்தின் குறியீட்டு எண் இருக்கும். அதே எண்ணுக்கு டச்-அப் பெயின்டும் கிளியரும் இப்போதே வாங்கி வை. பெயர்ந்த இடத்தைக் கழுவி, ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, நன்றாக உலர விடு. பாட்டிலுடன் வரும் பிரஷ் தடிமனானது, அதைப் பயன்படுத்தாமல் பல்குச்சியின் நுனியில் ஒரு சொட்டுத் தொட்டு, குழியின் நடுவில் மட்டும் வை. அது தானாகப் பரவி ஓரத்தைத் தொடும். ஒரே தடவையில் நிரப்ப நினைக்காமல் காயவிட்டுக் காயவிட்டு மெல்லிய அடுக்குகளாக ஏற்று, கடைசியில் கிளியர் வை. துருவின் பழுப்பு ஏற்கெனவே தெரிந்தால் மட்டும் மேலே பெயின்ட் வைத்து மூடாதே, துருவை முழுவதும் எடுத்துவிட்டுத்தான் பூச வேண்டும். அதைத் தெரிந்தவரிடம் கொடுத்துவிடு.

ஃபிலிம் ஒட்டிய பிறகு, அடியில் தங்கிய தண்ணீர் ஆவியாகும் வரை சின்னச் சின்னக் குமிழிகளும் மங்கலும் தெரியும். சில நாட்களில் அவை அடங்கிவிடும், பயந்து குத்திவிடாதே. ஒரு வாரம் கழுவவும் வேண்டாம். பிரஷர் வாஷர் பிடிக்கும்போது ஓரங்களுக்கு நேராகப் பிடிக்காமல், குறைந்தது ஓர் அடியாவது தள்ளிப் பிடி.

கொட்டேஷனைத் திருத்தி முன்பக்கத்திற்கு மட்டும் தனியாகக் கேட்டு வாங்கு. ஃபிலிமின் வாரண்டித் தாளையும் அதோடு சேர்த்துப் படம் எடுத்து அனுப்பு. மஞ்சளிப்பதும் ஓரம் கிளம்புவதும் அதில் அடங்குகின்றனவா என்று படித்துப் பார்த்துச் சொல்கிறேன், அதன் பிறகு முன்பணம் கட்டலாம்.

அன்புடன்,
அம்மா